ஃபேனுக்குக் கீழே ஒரு வட்டம்

இப்போது நாமெல்லாம் ஆளுக்கொரு அறை, அறைக்கொரு ஏசி என்று வாழ்கிறோம். ரிமோட்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, நித்திரை வரவில்லை என்று பிள்ளைகளுக்கு ஃபோன் எடுத்து முறையிடுகிறோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெள்ளவத்தையில் இருந்தவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். ஒரு ஃபேனுக்குக் கீழே எத்தனை பேர் படுத்தோம் என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. நாங்கள் படுத்த விதம் அப்படி.

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், வீட்டுக்கார அம்மாவான ஒரு சிங்கள நோனாவின் வீட்டுக்குப் பின்னால் எங்கள் அனெக்ஸ் இருந்தது. ஒரு பெரிய ஹோல், ஒரு சின்ன அறை, ஒரு குசினி. ஹோலில் சிவப்புச் சீமெந்துத் தரை. அதற்கு மேலே, அந்த வீட்டின் ஒரே ஃபேன். சின்ன அறையில் படுத்தால் அவித்த பிட்டு மாதிரி எழும்ப வேண்டியதுதான். அப்பா, அம்மா, அண்ணா, நான் என்று நாலு பேரும் ஹோலில்தான் படுப்போம். அதுவரை ஒரு பிரச்சினையும் இல்லை.

பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து அப்பாவின் அக்கா, அதாவது என் மாமி, மாமாவையும் மகளான என் மச்சாளையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கிளாலிக் கடலேரியில் வள்ளம் ஏறி, வவுனியாவில் பயண அனுமதிப் பாஸுக்குக் காத்துக் கிடந்து, ரயிலில் வந்தவர்கள். மூன்று பேருக்கும் சேர்த்து இரண்டு பைகள். மச்சாள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள், கணக்கில் புலி. கேத்திரகணிதப் பெட்டியை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தாள். அதிலும் கவராயம் இல்லை. வவுனியாவில் பையைச் சோதித்த ஆமிக்காரன் அதன் ஊசி முனையைத் தன் பெருவிரலில் குத்திப் பார்த்துவிட்டு எடுத்து வைத்துக்கொண்டானாம். பாகைமானியை மட்டும் திருப்பிக் கொடுத்தானாம். அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்தது. வீடு போனதைச் சொல்லும்போதுகூட வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் அப்போது கரண்டே கிடையாது. ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்த பிள்ளை அவள். எங்கள் ஃபேனைக் கண்டதும் மூன்று பேரும் கொஞ்ச நாள் அதற்கு அடிமையாகவே இருந்தார்கள். மாமா சுவிட்சைப் போடுவார், நிப்பாட்டுவார், திரும்பப் போடுவார்.

“கரண்ட் பில் வரும், அத்தார்,” என்பார் அப்பா மெதுவாக.

“வரட்டும் மச்சான். வர வேண்டியது எல்லாம் வராமலே கிடக்கு. இதாவது வரட்டும்,” என்பார் மாமா.

வர வேண்டியவன் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். மாமியின் மூத்த மகன். டியூஷனுக்கென்று சைக்கிளில் போனவன் வீட்டுக்கு வரவில்லை. இயக்கத்தில் சேர்ந்துவிட்டான் என்பதுதான் அந்தக் காலத்தில் அதற்கு அர்த்தம், உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் எங்கே போனான், யாரோடு போனான், இருக்கிறானா என்று ஒரு தகவலும் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. மாமி அவனைப் பற்றிக் கதைக்கும்போது “வருவான்” என்றுதான் சொல்லுவார். அம்மா குசினிக்குள் வந்து, “பாவம், மனசு ஏற்குதில்லை அவவுக்கு,” என்று பெருமூச்சு விடுவார்.

சரி, படுக்கைக்கு வருகிறேன். முதலில் வரிசையாகப் படுத்தோம். நடுவில் படுத்தவர்களுக்குச் சொர்க்கம், இரண்டு முனையிலும் படுத்தவர்களுக்கு நரகம். தினமும் காலையில் பாணும் சம்பலும் சாப்பிடும்போதே வழக்குத் தொடங்கிவிடும். அப்பாவுக்குக் கந்தோர் வேலை இருக்கிறது. அண்ணாவுக்கு ஏ.எல். சோதனை வருகிறது. அம்மா அடுப்படியில் வெந்து வந்தவர். மாமா வீட்டுக்கு மூத்தவர், அதோடு விருந்தாளி. எல்லோரிடமும் நடுவில் படுக்க நியாயம் இருந்தது. நியாயம் இல்லாதவர்கள் நானும் மச்சாளும்தான். எனவே முனையில் கிடந்து வேர்த்தோம்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் மச்சாள் எழும்பி நின்று சொன்னாள்: “வரிசைக்கு ரெண்டு முனை இருக்கு. அதால தான் சண்டை. வட்டமாப் படுத்தால் முனையே இல்லை.”

“வட்டமாவோ? நாங்கள் என்ன சர்க்கஸோ?” என்றார் மாமா.

“புத்தகத்தில இருக்கு அப்பா. நிலையான ஒரு புள்ளியில இருந்து ஒரே தூரத்தில இருக்கிற புள்ளி எல்லாம் சேர்ந்தால் அதுதான் வட்டம். எங்கட புள்ளி ஃபேன். தலையெல்லாத்தையும் ஒரே தூரத்தில வைச்சால் எல்லாருக்கும் ஒரே காத்து.”

மாமா விடுகிற ஆள் இல்லை. “ஃபேன் மேலயல்லோ கிடக்கு. உன்ர புத்தகம் தரையில கீறுறதுக்கு.”

“மேல இருந்து பாத்தால் அது கோளம். பந்து மாதிரி. அந்தப் பந்தைத் தரை வெட்டுற இடம் திரும்ப வட்டம் தான். எப்பிடிப் பாத்தாலும் தூரம் ஒண்டு தான்.”

அப்பா சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் அனுமதி என்று அர்த்தம். அண்ணா கதிரையில் ஏறி, ஃபேனின் நடுவில் ஒரு நூலைக் கட்டி, அதன் நுனியில் ட்ரங்குப் பெட்டியின் பித்தளைப் பூட்டைத் தொங்கவிட்டான். பூட்டு ஆடி ஆடி ஓய்ந்த இடத்தில் மச்சாள் சோக்கால் ஒரு புள்ளி வைத்தாள். அந்தப் புள்ளியில் என் பெருவிரலை வைத்து நூலின் ஒரு முனையை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். மற்ற முனையில் சோக்கைக் கட்டி, நூல் தளராமல், முழங்காலில் ஊர்ந்து ஊர்ந்து ஒரு சுற்று வந்தாள். சிவப்புத் தரையில் வெள்ளை வட்டம் வந்து தொடங்கிய இடத்திலேயே முட்டியது. அவ்வளவு சுத்தமான ஒன்றை நான் அதற்கு முன் எங்கள் வீட்டில் கண்டதில்லை.

இனி அதைப் பிரிக்க வேண்டும். நாங்கள் ஏழு பேர்.

“ஏழாப் பிரிக்க ஏலாது,” என்றாள் மச்சாள். “நூலையும் சோக்கையும் வைச்சுச் சரியா ஏழாப் பிரிக்க ஒருத்தராலயும் ஏலாது. எட்டெண்டால் சுகம். பாதி, பாதியில பாதி, அதில பாதி.”

“எட்டாவது ஆர்?” என்று அம்மா கேட்டார்.

மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “மூத்தவன் வருவான் தானே.”

மச்சாள் எட்டாகவே பிரித்தாள்.

அவள் சொன்னது உண்மை. ஏழாகச் சரியாகப் பிரிக்க முடியாது என்பதைப் பின்னாளில் நானும் படித்தேன். ஆனால் அவளிடம் பாகைமானி இருந்தது. கிட்டத்தட்ட ஏழாகப் பிரித்திருக்கலாம், படுக்கிறதுக்கு அது தாராளமாகப் போதும். அந்தக் கெட்டிக்காரிக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? பெரியவர்கள் அவளைக் கணக்குப் பைத்தியம் என்று கேலி செய்தார்கள். அவள் தமையனுக்கு இடம் பிடித்தாள் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கே விளங்க இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று ஒழுங்கு செய்தோம். இரண்டு பக்கமும் சேரும் இடங்களில் ஒன்றில் அப்பாவும் அம்மாவும், மற்றதில் மாமாவும் மாமியும். மரியாதைக்கு மரியாதை, காற்றுக்குக் காற்று. தலைகள் கோட்டில், கால்கள் வெளியே. எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது மாமா திசை பார்த்தார். நேர் தெற்கில் கிடக்கிறவரின் தலை நேர் வடக்கே இருக்கும்! வடக்கே தலை வைத்துப் படுப்பது யார்? பிணத்தைத்தானே அப்படிக் கிடத்துவார்கள். ஏழு பேரும் மறுத்தோம்.

அம்மா நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: “அந்த வெறும் இடத்தை அதில விட்டால் என்ன?”

மாமி சுளகைக் கீழே வைத்தார். “என்ர பிள்ளையை வடக்கை தலை வைக்கச் சொல்லுறியோ?”

மச்சாள் எட்டுக் கோடுகளையும் அழித்து, கொஞ்சம் சரித்து, திரும்பப் போட்டாள். இப்போது ஒருவருடைய தலையும் நேர் வடக்கே வராது. வட்டத்தை எப்படித் திருப்பினாலும் அது அதே வட்டம்தான் என்றாள். மாமா தன் தலை ஈசான மூலைக்குச் சரிந்திருப்பதைக் கண்டு திருப்தியடைந்தார்.

அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். சமமான காற்று மாமாவுக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது. மூத்தவர் நடுவில்தான் படுக்க வேண்டும் என்று ஒருநாள் பாயை மையத்துக்கே இழுத்துக்கொண்டு போனார். “மையம் வட்டத்தில சேர்த்தி இல்லை அப்பா,” என்று மச்சாள் எச்சரித்தாள். ஃபேனுக்கு நேர் கீழே காற்று விழாது என்பது விடிந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. வேர்த்து விறுவிறுத்து எழும்பியவர் தன் பாயைத் தானே பழைய கோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

இன்னொரு நாள் பகலில், பெரியவர்கள் இல்லாத நேரம், மச்சாள் எனக்குக் கோளம் காட்டுகிறேன் என்று அந்தப் பித்தளைப் பூட்டை மறுபடி ஃபேனில் கட்டினாள். நூல் விறைப்பாக இருக்கும்படி பிடித்துக்கொண்டு, “பூட்டு எங்கெங்க போகுதோ அந்த இடமெல்லாம் சேர்ந்தது கோளம். தோல் மட்டும் தான், உள்ளுக்கு இருக்கிறது சேராது,” என்று சொல்லிச் சுற்றிவிட்டாள். கோளத்தின் தோலில் அம்மாவின் சுடுதண்ணித் தேமஸ் போத்தல் இருந்தது. உள்ளே கண்ணாடி நொறுங்கிய சத்தம் கேட்டது. முழுக்கோளம் இல்லை, மேலே சீலிங் இருப்பதால் பாதிதான் என்று அவள் அந்த நேரத்திலும் திருத்தினாள். அம்மா வந்து இருவருக்கும் முழுதாகக் கொடுத்தார்.

தலைகள் கிட்டக் கிட்ட இருந்ததால் எல்லோர் கதையும் எல்லோருக்கும் கேட்கும். கடற்கரை ரயில் போகும்போது ஜன்னல் அதிரும், கதை நிற்கும், ரயில் போனதும் விட்ட இடத்தில் தொடரும். உப்புக்காற்றும் நல்லெண்ணெய் வாசமும் சித்தாலேபத் தைல மணமும் சேர்ந்து ஃபேனில் சுற்றும். மாமாவுக்கும் அண்ணாவுக்கும் நடுவில் எட்டாவது இடம். மாமி தினமும் பின்னேரம் அதில் பாய் விரித்து, தலையணையைத் தட்டி வைப்பார். காலையில் அதைத்தான் முதலில் சுருட்டுவார். சனிக்கிழமைகளில் அம்மா தரை கழுவியதும் மச்சாள் வட்டத்தைப் புதிதாகக் கீறுவாள்.

ஒரு ஞாயிறு காலை பொலிஸ் வந்தது. சுற்றிவளைப்பு நமக்கெல்லாம் மழை மாதிரி பழகிப்போன விஷயம்தானே. மூன்று பேர். அவர்களில் பெரியவருக்கு நரைத்த மீசை. அப்பா பொலிஸ் பதிவுத் துண்டை நீட்டினார். ஏழு பெயர், ஏழு தலை. எல்லாம் சரி. அண்ணாவின் அடையாள அட்டையை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். அண்ணாவுக்குப் பத்தொன்பது வயது, பிறந்த இடம் யாழ்ப்பாணம். அந்த இரண்டும் போதும் அந்த நாட்களில். என்றாலும் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாசலுக்குத் திரும்பும்போதுதான் தரையைக் கண்டார். முதல்நாள்தான் கீறிய வட்டம், எட்டுக் கோடுகளோடு பளிச்சென்று கிடந்தது.

“மே மொகக்த?” என்றார். இது என்ன?

அப்பா கந்தோர்ச் சிங்களத்தில் விளக்கினார். ஃபேன், காற்று, எல்லோருக்கும் சமதூரம், நித்திரை. சொல்லச் சொல்ல அது அவருக்கே பொய் மாதிரிக் கேட்டிருக்க வேண்டும், குரல் இறங்கிக்கொண்டே போனது. இளைய பொலிஸ்காரர் இருவரும் வட்டத்தைச் சுற்றி நடந்து பார்த்தார்கள். பெரியவர் நம்பவில்லை. படுத்துக் காட்டுங்கள் என்றார்.

பட்டப்பகலில், மூன்று பொலிஸ்காரருக்கு முன்னால், நாங்கள் ஏழு பேரும் வெறும் தரையில் படுத்தோம். முதலில் படுத்தது மாமாதான். சாரத்தை ஒழுங்காகக் கால்களுக்கிடையில் சொருகிக்கொண்டு, கோயிலில் பிரதட்டை பண்ணுகிறவரைப் போல மிக மரியாதையாகச் சாய்ந்தார். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். நான் ஃபேனையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். பெரியவர் எங்கள் தலைமாட்டில், வட்டத்துக்குள் நின்று மெதுவாகத் திரும்பினார். சப்பாத்து என் காதுக்குப் பக்கத்தில் கிரீச்சிட்டது. மாமாவுக்கும் அண்ணாவுக்கும் நடுவில் இருந்த வெறும் கோட்டில் அவர் பார்வை நின்றது.

“மெதன கௌத?” இங்கே யார்?

“யாரும் இல்லை,” என்றார் அப்பா சிங்களத்தில்.

அதே வினாடி மாமா தமிழில், “என்ர மகன்,” என்றார்.

இளையவர்களில் ஒருவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. அவர் பெரியவரிடம் சொன்னதும் அவருடைய முகம் மாறிவிட்டது. பதிவில் ஏழு பேர், படுக்கையில் எட்டு. எட்டாவது ஆளை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்? சின்ன அறைக்குள் ஒருவர் பாய்ந்தார், பைகள் கவிழும் சத்தம் கேட்டது. அவனைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் இவன் எங்களோடு வருவான் என்று பெரியவர் அண்ணாவின் சேர்ட்டைப் பிடித்துத் தூக்கினார். அப்படிக் கொண்டுபோன பிள்ளைகள் எத்தனை பேர் எந்த நிலையில் திரும்பி வந்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். அம்மா அவருடைய காலைப் பிடித்தார். மகன் யாழ்ப்பாணத்தில் என்று சொன்னால் இயக்கம் என்பார்கள், வெளிநாட்டில் என்றால் பாஸ்போர்ட் கேட்பார்கள். அப்பா எழும்பிப் பதிவுத் துண்டையே திரும்ப நீட்டினார்.

மாமி எழும்பி உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்த சிங்களம் மார்க்கெட்டில் மீனுக்கும் மரக்கறிக்கும் விலை கேட்கிற சிங்களம். அந்தச் சொல்லை எங்கே பொறுக்கியிருந்தாரோ தெரியாது. வெறும் இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

“மகே புத்தா,” என்றார். என் மகன். கொஞ்சம் நிறுத்தி, “மெரிலா,” என்றார். செத்துப்போனான்.

பெரியவர் மாமாவைப் பார்த்தார். உண்மையா என்று கேட்டார். எதையும் விடாமல் மறுத்துப் பேசுகிற மாமா தலையைத் தரையில் வைத்தபடியே முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பெரியவரின் கை அண்ணாவின் சேர்ட்டிலிருந்து தளர்ந்தது. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். போகும்போது, இதை அழித்துவிடுங்கள், வேறு யாரும் வந்தால் இப்படி விடமாட்டார்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அண்ணாவைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்பா உடனே வாளியும் துணியும் எடுத்து வட்டத்தைத் துடைத்தார். மாமி எழும்பிப் பின்பக்கம் பைப்படிக்குப் போய், கவிழ்ந்து மிதிபட்ட உடுப்புகளையெல்லாம் தோய்க்கத் தொடங்கினார்.

இனி நடந்ததற்கு யாரையும் குற்றம் சொல்லமாட்டேன். வீட்டுப் பெரியவர்கள் என்ன நினைத்தார்கள் என்றால், மாமி கடைசியில் வாய் திறந்து சொல்லிவிட்டார், இவ்வளவு நாளும் மறுத்த மனசு இன்றைக்கு ஏற்றுக்கொண்டுவிட்டது என்று. தாய் வாயால் சொன்ன பிறகு அது செத்த வீடுதானே. அன்று காலையில் வாங்கிய பாரை மீனை அம்மா முன்வீட்டு நோனாவுக்குக் கொடுத்துவிட்டார். பருப்பும் பூசணிக்காயும் மட்டும் அவித்தார். ஒழுங்கையில் இருந்த இரண்டு மூன்று ஊர்க்காரர் கேள்விப்பட்டு வந்து, மாமாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். அவனுடைய படம் எங்களிடம் இல்லை, வரும் வழியில் நடக்கும் சோதனைக்குப் பயந்து எல்லாவற்றையும் எரித்திருந்தார்கள். அதனால் அம்மா அவனுடைய தலையணை வரும் இடத்திலேயே, தரையில் ஒரு குத்துவிளக்கை ஏற்றி வைத்தார். நான் அதற்குப் பூப் பறித்து வந்தேன். மாமி தோய்த்துக்கொண்டே இருந்தார். தோய்த்ததையே திரும்பத் தோய்த்தார். துக்கத்தில் இருக்கிறார் என்று ஒருவரும் கிட்டப் போகவில்லை.

பொழுது சாய்ந்து வந்தவர்கள் போன பிறகு, படுக்கை போட வேண்டிய நேரம் வந்தது. அப்பா மச்சாளைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, படுக்கிறதுக்குக் கீறு. விடிய எழும்பினதும் துடைச்சு விடுவம். இனி... ஏழாக் கீறு. கிட்டமுட்ட இருந்தால் போதும்.”

மச்சாள் சோக்கைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். மாமி ஈரக் கையோடு உள்ளே வந்தார். விளக்கைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், மூலையில் சுருண்டிருந்த மாமாவைப் பார்த்தார். காலையிலிருந்து இந்த வீட்டில் என்ன நடந்தது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

“தம்பி,” என்றார் அப்பாவிடம். “அது உன்ர பிள்ளையை விடுவிக்கப் பொலிசுக்குச் சொன்னது. வீட்டுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை.”

“எட்டாக் கீறு,” என்று மாமி மச்சாளிடம் சொன்னார். பிறகு அம்மாவைப் பார்த்து, கோபமே இல்லாமல், அடுப்படியில் ஒரு சாமானை நகர்த்தச் சொல்வது போலச் சொன்னார்: “அந்த விளக்கை எடு. அதில பிள்ளையின்ர தலை வரும்.”